உலோகத்தின் மேல் முளைக்கும் ஏடுகள்

காற்றுப்பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், செம்பு களிம்பேறும், வெள்ளி கறுக்கும். அலுமினியப் பாத்திரமோ ஆண்டுக்கணக்காக அடுப்படியிற் கிடந்தும் பெரிதும் மாறுவதில்லை. இதனைக் கண்டு, அலுமினியம் ஒட்சிசனோடு சேர விரும்பாத உலோகம் என்று மாணவர் சிலர் எண்ணிவிடுவதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. ஒட்சிசன்மேல் அலுமினியத்துக்குள்ள நாட்டம் இரும்புக்குள்ளதினும் மிக்கது. அந்நாட்டம் காரணமாகவே, புதிதாக வெட்டிய அலுமினியம் காற்றுப்பட்ட கணத்திலேயே தன்மேல் ஓர் ஒட்சைட்டுத் தோலைப் போர்த்துக்கொள்கிறது. அத்தோலின் தடிப்பு சில நனோமீற்றர் மாத்திரமே. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறு ஒரு நனோமீற்றராகும். கண்ணுக்குப் புலப்படாத இம்மெல்லிய தோல்தான் உள்ளேயுள்ள உலோகம் முழுவதையும் காத்து நிற்கிறது.

இக்காவலுக்கும் பகைகள் உள. புளியும் சலவைச் சோடாவும் அத்தோலைக் கரைக்கும். உப்போ கரைப்பதில்லை, துளைக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அயன் தோலின் நலிந்த இடமொன்றைப் பற்றி, அவ்விடத்தே ஊசிமுனையளவு குழி தோண்டி, உள்ளே இறங்கிவிடுகிறது. கடற்கரையை அடுத்த வீடுகளின் அலுமினியச் சன்னற் சட்டங்களை உற்று நோக்குவோர் வெண்பொடி பூத்த சிறு குழிகளை அவற்றிலே காண்பர். சன்னற் சட்டத்தில் அஃது அழகுக் குறைவு. ஆகாய விமானத்தின் இறக்கையில் அதுவே உயிரோடு தொடர்புடைய விடயமாகிவிடும்.

இவ்வாரம் நாம் சொல்ல எடுத்துக்கொண்டது, இக்குறையை நீக்க விஞ்ஞானிகள் கையாளும் ஒரு புதிய வழியைப் பற்றியாகும். உலோகத்தின்மேல் ஒன்றைப் பூசுவதற்குப் பதிலாக, உலோகத்திலிருந்தே ஒரு மெல்லிய படலத்தை முளைப்பித்து வளர்ப்பது அவ்வழி.

வலிமைக்குக் கொடுத்த விலை

தூய அலுமினியம் மென்மையானது; விமானம் கட்ட உதவாது. 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அல்பிரட் வில்ம் என்னும் உலோகவியலாளர், அலுமினியத்தோடு சிறிது செம்பும் மகனீசியமும் கலந்து, அதனைச் சூடாக்கி, விரைவாகக் குளிரச் செய்து, சில நாள் வாளா விட்டுவைத்தால் அது தானே கடினமாகிவிடுவதைக் கண்டார். அக்கலப்புலோகமே டுராலுமின் எனப் பெயர் பெற்றது. இன்றும் விமானங்களிற் பயன்படும் கலப்புலோகங்கள் பல அதன் வழித்தோன்றல்களே. அவற்றுட் பெயர்பெற்ற ஒன்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு செம்பு உண்டு.

வலிமையைத் தந்த செம்பே வினையையும் விளைக்கிறது. செம்பு செறிந்த நுண்டுகள்கள் உலோகத்தினுள்ளே ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. உப்புநீர் பட்டதும் ஒவ்வொரு துகளும் தன்னைச் சூழ்ந்த அலுமினியத்தோடு கூடி ஒரு சிறு மின்கலம்போலத் தொழிற்படுகிறது. செம்புப் பகுதி நிலைத்து நிற்க, அலுமினியம் கரைந்து போகிறது.

இதற்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட மருந்து குரோமேற்று. அதனைக் கொண்டு மேற்பரப்பைப் பதப்படுத்தினால், ஒரு கீறல் விழுந்த விடத்தும், குரோமேற்று அயன்கள் ஈரத்தினூடே நகர்ந்து அவ்விடத்தை அடைந்து, கரையாத குரோமியம் ஒட்சைட்டாக மாறி, புண்ணை மூடிவிடும். தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் இத்தகைய காவல் வேறெதிலும் எளிதிற் கிடைக்கவில்லை. எனவே பல ஆண்டுகளாக உலகெங்கும் அதுவே ஆட்சி செலுத்திற்று.

ஆயின் அம்மருந்து மனிதருக்கு நஞ்சு. குரோமேற்றிலுள்ள அறுவலு நிலைக் குரோமியத்தைப் புற்றுநோய் விளைப்பது ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள்களின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1990-ஆம் ஆண்டிலே சேர்த்தது. அதன் தூசியையும் ஆவியையும் சுவாசித்த தொழிலாளரிடையே நுரையீரற் புற்றுநோய் மிகுந்திருந்தமை அம்முடிபுக்கு ஆதாரமாயிற்று. கலிபோர்னியாவிலுள்ள ஹிங்க்லி என்னும் சிற்றூரின் கதையையும் வாசகர் சிலர் அறிந்திருப்பர். அங்கே 1950-களில், குளிர்விக்கும் கோபுரங்களின் உலோகம் அரிக்கப்படாதிருக்க நீரிலே குரோமியச் சேர்வை கலக்கப்பட்டது. கழிவு நீர் வெறுங் குளங்களில் விடப்பட்டு நிலத்தடி நீரிற் கலந்தது. 1987-ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. 1996-ஆம் ஆண்டில் ஊரவர் தொடுத்த வழக்கு 33 கோடி 30 இலட்சம் டொலர் இழப்பீட்டோடு முடிவுற்றது. ஐரோப்பிய ஒன்றியமும், 2017 செப்டெம்பர் 21-க்குப் பின் சிறப்பனுமதியின்றிக் குரோமியம் மூவொட்சைட்டைப் பயன்படுத்தலாகாது என விதித்தது.

இங்கே நம் முன் நிற்கும் கேள்வி இரசாயனவியலை மட்டும் சார்ந்ததன்று. விமானத்திற் செல்வோரைக் காக்கும் கவசம், அதனைப் பூசும் தொழிலாளியின் நெஞ்சை அரிக்கலாமா? காவலும் குறையாமல், எவருக்கும் கேடும் விளையாமல் ஒரு வழி உண்டா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுட் சிலர், ஒரு பழைய கனிமத்தின்பால் தம் கவனத்தைத் திருப்பினர்.

நோர்வேயிற் கிடைத்த வெண்கனிமம்

நோர்வே நாட்டின் சினாரும் என்னும் இடத்திற் கிடைத்த, முத்துப்போன்ற ஒளியுடைய மென்மையான வெண்கனிமம் ஒன்றை 1842-ஆம் ஆண்டில் ஹொக்ஸ்டெற்றர் என்பவர் விவரித்தார். அதனுள்ளே நீர் மிகுந்திருந்தமையாலும், தோற்றத்தில் அது டால்க் என்னும் கனிமத்தை ஒத்திருந்தமையாலும் ஐதரோடால்சைற்று எனப் பெயரிடப்பட்டது. வயிற்றிலே அமிலம் மிகுந்தோர் உட்கொள்ளும் மாத்திரைகள் சிலவற்றில் இருப்பதும் இப்பொருளே. உண்ணத்தக்க அளவுக்குத் தீங்கற்றது என்பதை வாசகர் இதனாலேயே உணரலாம்.

இதன் அமைப்பை விளங்கிக்கொள்ள, ஓலைச் சுவடி ஒன்றை மனத்திற் கொள்க. சுவடியில் ஏட்டின்மேல் ஏடாக அடுக்கப்பட்டிருக்கும். இக்கனிமத்திலும் அவ்வாறே. ஒவ்வோர் ஏடும் உலோக அயன்களும் ஐதரொட்சைட்டு அயன்களும் கோத்துப் பின்னப்பட்ட தாள். தடிப்பு அரை நனோமீற்றருக்குச் சிறிது குறைவு. ஒவ்வோர் உலோக அயனையும் ஆறு ஐதரொட்சைட்டுக்கள் சூழ்ந்திருக்கும்.

ஏடு மகனீசியத்தால் மாத்திரம் ஆனதாயின் அதில் மின்னேற்றம் எதுவும் எஞ்சாது. மகனீசியம் இரண்டு நேரேற்றம் உடையது. அதன் இருக்கைகள் சிலவற்றில், மூன்று நேரேற்றமுடைய அலுமினியம் வந்தமர்ந்தால், ஏடு முழுவதும் நேரேற்றம் மிகுந்ததாகிவிடும். நேரேற்றமுள்ள ஏடுகள் ஒன்றையொன்று தள்ளுமேயன்றி ஒட்டியிரா. அவற்றை ஒட்டவைக்க எதிரேற்றமுள்ள அயன்கள் இடையே புகுந்து அமர்கின்றன. அவற்றோடு நீர் மூலக்கூறுகளும் தங்குகின்றன.

கணக்கிட்டும் பார்க்கலாம். ஆறு மகனீசியம் அயன்கள் தருவது 12 நேரேற்றம், இரண்டு அலுமினியம் அயன்கள் தருவது 6, ஆக 18. பதினாறு ஐதரொட்சைட்டுக்கள் 16 எதிரேற்றம் தரும். எஞ்சுவது 2 நேரேற்றம். அதனைச் சமன்செய்ய 2 எதிரேற்றமுள்ள காபனேற்று அயன் ஒன்று வேண்டும். இயற்கையிற் கிடைக்கும் ஐதரோடால்சைற்றின் சூத்திரம் இதுவே. நான்கு நீர் மூலக்கூறுகளும் அதனோடு உண்டு.

இப்பொருள்களைப் படையடுக்கு ஐதரொட்சைட்டுக்கள் எனலாம். மகனீசியத்துக்குப் பதில் நாகமோ நிக்கலோ, அலுமினியத்துக்குப் பதில் இரும்போ அமையினும் கட்டடம் ஒன்றே. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த வால்ட்டர் பைட்க்னெக்ட் 1930-களிலும் 1940-களின் தொடக்கத்திலும் இவற்றுட் பலவற்றை ஆய்கூடத்திலே ஆக்கினார். ஓர் ஏடு ஓர் உலோகத்தாலும் அடுத்த ஏடு மற்றை உலோகத்தாலும் ஆனதென்று அவர் கருதினார். 1960-களின் இறுதியில் எக்ஸ்-கதிர் கொண்டு பளிங்குகளை ஆராய்ந்தோர், இரு உலோகங்களும் ஒரே ஏட்டிற் கலந்திருப்பதை நிறுவினர். ஆக்கியவர் கண்ட பொருள் மெய். அவர் கொண்ட கொள்கையே திருத்தம் பெற்றது. விஞ்ஞானத்தில் இது வழக்கமான நிகழ்ச்சியாகும்.

விருந்தினர் மாறும் வீடு

இவற்றின் தனிச்சிறப்பு ஏடுகளில் இல்லை. ஏடுகளுக்கிடையே தங்கும் அயன்களிலே உள்ளது. அவை அங்கே நிலையாகக் கட்டுண்டவை அல்ல. வெளியே கரைசலில் ஏடுகள் மிக விரும்பும் வேறோர் அயன் வந்தால், உள்ளிருப்பது வெளியேற, வந்தது உள்ளே புகும். விருப்பத்துக்கும் வரிசை உண்டு. நைத்திரேற்று மிக எளிதில் இடம்விட்டுச் செல்லும். குளோரைட்டு அதனினும் உறுதியாகத் தங்கும். காபனேற்றோ எல்லாவற்றினும் இறுகப் பற்றிக்கொள்ளும்.

இந்த இயல்பைக் காவலுக்குப் பயன்படுத்துவது எங்ஙனம்? ஏடுகளுக்கிடையே அரிப்பைத் தடுக்கும் மருந்தயன் ஒன்றை முன்னரே அடைத்து வைப்பது. உப்புநீரோடு குளோரைட்டு வந்து சேரும்போது, ஏடுகள் குளோரைட்டை உள்ளே இழுத்துக்கொண்டு மருந்தை வெளியே விடும். ஒரே செயலிற் பகைவன் சிறைப்படுகிறான். மருந்தும் புண்ணைச் சென்று சேர்கிறது. பகை வராத நாளில் மருந்து வீணே கசிந்து போவதும் குறைவு.

படலத்தை வளர்க்கும் முறைகள்

இனி, வளர்ப்பது எவ்வாறென்று காண்போம். இரு உலோகங்களின் உப்புக்களைக் கரைத்துக் காரத்தைச் சேர்த்தால் இப்பொருள் வெண்ணிற வீழ்படிவாகக் கிடைக்கும். அது தூள். தூளைப் பசைகொண்டு உலோகத்தில் ஒட்டினால், நகம் பட்டாலும் உதிர்ந்துவிடும். உலோகத்தோடு ஒன்றிய படலம் வேண்டுமாயின், பளிங்குகள் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்தல் வேண்டும்.

முதலாவது முறை, உலோகத்தையே விதைநிலமும் உரமும் ஆக்குவது. போர்த்துக்கல் நாட்டின் அவேரோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட முறையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். நன்கு துப்புரவு செய்த அலுமினியத் தகட்டை நாக நைத்திரேற்றும் அமோனியம் நைத்திரேற்றும் கலந்த வெந்நீர்க் கரைசலில் மூழ்க வைப்பர். வெப்பநிலை சதம அளவையில் 90 பாகையை அண்மியிருக்கும். கரைசல் தகட்டின் மேற்பரப்பைச் சிறிதே கரைக்கிறது. கரைந்த அலுமினியம் அப்பால் ஓடிவிடுமுன், அங்கேயே நாகத்தோடு கூடி ஏடுகளாகப் படிகிறது. கரைசலில் அலுமினிய உப்பை நாம் சேர்ப்பதேயில்லை. தகடே அதனைக் கொடுக்கிறது. ஆதலாற் படலம் வேர்விட்ட பயிர்போலத் தகட்டைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் அத்தகட்டை வனேடேற்றுக் கரைசலில் இட்டால், இடையிலிருந்த நைத்திரேற்று வெளியேற, அரிப்பைத் தடுக்கும் வனேடேற்று உள்ளே அமர்கிறது.

இரண்டாவது முறை யூரியாவைக் கொண்டு செய்வது. வயலுக்கு இடும் அதே யூரியாதான். காரத்தை ஒரேயடியாக ஊற்றினால் எண்ணற்ற சிறு பளிங்குகள் ஒருங்கே தோன்றிச் சீர்கெட்டுக் குவியும். யூரியாவோ 90 பாகைக்கு மேற்பட்ட வெந்நீரில் மெல்ல மெல்லச் சிதைந்து அமோனியாவைத் தருகிறது. காரத்தன்மை படிப்படியாக ஏற, பளிங்குகள் பதற்றமின்றி வளர்ந்து அழகிய அறுகோணத் தகடுகளாகின்றன. ஆனால் யூரியா சிதையும்போது காபனீரொட்சைட்டும் பிறப்பதால், ஏடுகளுக்கிடையே காபனேற்றே குடியேறிவிடும்.

மூன்றாவது, மின்னோட்டத்தால் வளர்ப்பது. நைத்திரேற்று உப்புக்களின் கரைசலில் உலோகத்தைக் கதோட்டாக வைத்து மின்னோட்டம் செலுத்தினால், நைத்திரேற்றுத் தாழ்த்தப்படும்போது ஐதரொட்சைட்டு அயன்கள் அம்மேற்பரப்பிலேயே உண்டாகின்றன. கரைசலின் மற்றைப் பகுதி மாறாதிருக்க, மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படை மட்டும் காரமாகிறது. எனவே படிவும் அங்கே மட்டும் நிகழ்கிறது. இது சில நிமிடங்களிலேயே முடியக்கூடியது. கடத்தும் எவ்வுலோகத்தின்மேலும் செய்யத்தக்கது.

ஏடுகள் நிமிர்ந்து நிற்பதேன்?

இவ்வாறு வளர்ந்த படலத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் ஒரு வியப்பு. தகட்டின்மேல் ஏடுகள் பாய் விரித்தாற்போலப் படுத்திருக்குமென நாம் எதிர்பார்ப்போம். அவையோ பெரும்பாலும் விளிம்பிலே ஊன்றி நிமிர்ந்து நிற்கின்றன. காரணம் எளிது. இப்பளிங்குகள் அகலத்தில் விரைவாகவும் தடிப்பில் மெதுவாகவும் வளர்பவை. தொடக்கத்தில் அவை எல்லாத் திசையிலும் சாய்ந்தே முளைக்கின்றன. சாய்ந்து வளர்வது அயலிலுள்ளதன்மேல் முட்டி நின்றுவிடும். நிமிர்ந்ததற்கு மேலே தடை இல்லை. நெருக்கி விதைத்த நாற்றுமேடையிற் பயிர்கள் ஒளியை நோக்கி நேரே ஓங்குவதைப் போன்றது இது. விளைந்த படலத்தின் தடிப்பு ஒரு சில மைக்கிரோன். அதாவது தலைமயிரின் தடிப்பிற் பல பத்தில் ஒரு பங்கு.

நிமிர்ந்த ஏடுகளால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. கரடுமுரடான மேற்பரப்பில் வர்ணப்பூச்சு நன்கு பற்றும்; அது நன்மை. ஏடுகளுக்கிடையேயுள்ள வெளிகளில் உப்புநீர் இறங்கலாம், அது தீமை.

இத்தீமைக்குப் பெய்ஜிங் இரசாயனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கண்ட பரிகாரம் எம் நாட்டவர்க்குச் சுவை தருவது. அவர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அலுமினியத்தின்மேல் வளர்த்த நாகப் படலத்தினுள் லோரேற்று அயனைப் புகுத்தினர். தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதியாக அமைவது லோரிக்கமிலம். அதிலிருந்து வருவதே லோரேற்று. அதன் நீண்ட வால் நீரை வெறுப்பது. நிமிர்ந்த ஏடுகளின் கரட்டுத்தன்மையும் இவ்வாலின் வெறுப்பும் சேர்ந்தபோது, சேம்பிலையில் விழுந்த மழைத்துளிபோல நீர் ஒட்டாது உருண்டோடிற்று. நீரே அண்டாத இடத்தில் உப்பு எவ்வாறு அண்டும்?

இன்னும் கடக்கவேண்டிய தடைகள்

நிற்க, இத்துடன் வெற்றி கிட்டிவிட்டதென மாணவர்கள் எண்ணிவிடலாகாது. குரோமேற்று இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, காபனேற்று. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நீரிற் கரைந்து காபனேற்றாகி, அழையா விருந்தாளியாக ஏடுகளுக்கிடையே புகுந்துவிடும். புகுந்தபின் எளிதில் எழுந்திராது. மருந்து இருக்கவேண்டிய இடத்தில் அது இருந்துவிட்டால் குளோரைட்டு வரினும் பரிமாற்றம் நிகழ்வது அரிது. எனவே நீரை முன்னரே கொதிக்கவைத்தும், நைதரசன் வாயுவைச் செலுத்தியும் காபனீரொட்சைட்டை அகற்ற வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அளவு. சில மைக்கிரோன் தடிப்புள்ள படலத்தில் அடங்கும் மருந்து சொற்பமே. கடலோ வற்றாத உப்புக் களஞ்சியம். சேமித்தது தீர்ந்தபின் காவல் இல்லை.

மூன்றாவது, சீரின்மை. செம்பு செறிந்த துகள்கள் இருக்குமிடத்தும் இல்லாவிடத்தும் படலம் ஒரே படித்தாக வளர்வதில்லை. கவசத்தில் எவ்விடம் நலிந்ததோ அவ்விடத்தைத்தான் உப்பு தேடும்.

நான்காவது, பெருமை. அங்குலக் கணக்கான தகட்டை வெந்நீர்த் தொட்டியில் மூழ்க வைக்கலாம். முழு விமானத்தை மூழ்க வைப்பது எங்ஙனம்? அமெரிக்க இராணுவத் தரவிதி, பதப்படுத்திய தகடுகள் உப்புத்தூவற் சோதனையை 168 மணி நேரம் தாங்கவேண்டுமென்கிறது. நூற்றுக்கு 5 பங்கு உப்புக் கரைந்த நீரை 35 பாகையில் இடைவிடாது பனிபோலத் தூவும் கடுஞ்சோதனை அது. ஆய்கூடத்தில் ஒரு தகடு தேறுவது வேறு. தொழிற்சாலையில் ஆயிரம் தகடுகள் தவறாது தேறுவது வேறு.

வனேடேற்றும் முற்றிலும் குற்றமற்றதன்று என்பதையும் சொல்லவேண்டும். அதிலும் நச்சுத்தன்மை உண்டு. ஒரு நஞ்சை நீக்கி மற்றொன்றைக் குடியேற்றுவதால் பயனில்லையாதலின், தீங்கு குறைந்த சேதன அமிலங்களின் அயன்களையும் ஆய்வாளர் ஏடுகளுக்கிடையே இட்டுச் சோதித்து வருகின்றனர்.

இதே படலம் வேறு துறையிலும் தொண்டு செய்கிறது. நீரை மின்னாற் பகுத்து ஐதரசன் பெறும்போது, ஒட்சிசன் வெளிப்படும் மின்வாயிலேதான் சக்தி பெரிதும் விரயமாகிறது. நிக்கல் மின்வாய்ப் படலத்திற் சிறிதளவு இரும்பு கலந்திருந்தால் அவ்விரயம் குறைவதை 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. இன்று நிக்கலும் இரும்பும் சேர்ந்த படையடுக்கு ஐதரொட்சைட்டுப் படலம், காரக் கரைசலில் இவ்வேலைக்குரிய சிறந்த ஊக்கிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. விலையுயர்ந்த உலோகம் எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

இரசாயனவியலைச் சூத்திரங்களின் மனனம் என்றெண்ணி வெறுக்கும் மாணவர் பலரை நாம் வகுப்பிலே காண்கிறோம். சூத்திரத்தில் ஒரு நேரேற்றம் மிகுந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்ற சிறு கணக்கின் மேல், ஒரு தொழிலாளியின் சுவாசமும் ஓர் ஊரின் கிணற்று நீரும் தங்கியிருக்கக்கூடும் என்பதை அவர்கள் மனங்கொள்ள வேண்டும் என்பதே எமது விருப்பம்.

ஆகவே அவர்களுக்கு ஒரு பயிற்சி. நான்கு நாக அயன்களும், இரண்டு அலுமினியம் அயன்களும், பன்னிரண்டு ஐதரொட்சைட்டுக்களும் கொண்ட ஏட்டுப் பகுதியைச் சமன்செய்ய எத்தனை நைத்திரேற்று அயன்கள் வேண்டும்? அங்கே ஒரு காபனேற்று அயன் வந்து புகுந்தால் எத்தனை நைத்திரேற்றுக்கள் வெளியேற வேண்டிவரும்? நாக அயனின் ஏற்றம் மகனீசியத்தினதை ஒத்தது. நைத்திரேற்றின் எதிரேற்றம் ஒன்று. மேலே சொன்ன கணக்கைப் பின்பற்றித் தாமே முயன்று பார்க்க. விடையை அடுத்த வாரம் தருவோம்.